முட்டையா, குடும்பப் பெயரா, எது முதலில் வந்தது?

கேள்வி: பழங்கொரிய அரசர்கள் எல்லோரும் முட்டையிலிருந்து பிறந்ததாகச் சொல்கிறார்களே, அந்தக் கதைகளுக்கும் கிம், பார்க் போன்ற குடும்பப் பெயர்களுக்கும் என்ன சம்பந்தம்? அங்கே அரசியாகப் போனவள் தமிழ்ப் பெண் என்பது உண்மையா?

பூசானுக்குப் பக்கத்தில் நான்கு வருடம் வேலை பார்த்தவன் என்ற ஒரே தகுதியில் எழுதுகிறேன். வரலாறு என் துறை இல்லை. ஆனால் அங்கே இருந்தபோது இந்தப் பெயர் விவகாரம் என்னைப் பிடித்துக்கொண்டது, இன்னும் விடவில்லை.

எங்கள் பிரிவில் பதினொரு பேர், அதில் நான்கு பேர் கிம். அங்கே பதவியைச் சேர்த்துத்தான் கூப்பிடுவார்கள். அதனால் கிம் குவாஜாங் (பிரிவுத் தலைவர்) ஒருவர், கிம் தேரி (அவருக்குக் கீழ்ப் பதவி) இரண்டு பேர், புதிதாகச் சேர்ந்த கிம் ஒருவன். ஒரு நாள் மதியச் சாப்பாட்டின்போது, விவரம் தெரியாமல், "நீங்கள் எல்லோரும் சொந்தக்காரர்களா?" என்று கேட்டுவிட்டேன். குவாஜாங் சாப்பாட்டுக் குச்சிகளைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "நான் கிம்ஹே கிம். இவன் கியோங்ஜு கிம். வேறு வேறு" என்றார். பக்கத்தில் இருந்த தேரி உடனே, "அவர் முட்டை, நான் பெட்டி" என்றான். மேசையே சிரித்தது. எனக்கு மட்டும் புரியவில்லை.

அந்த ஜோக்கை விளக்கினாலே உங்கள் கேள்வியில் பாதிக்குப் பதில் வந்துவிடும்.

கொரியாவில் குடும்பப் பெயர் மட்டும் போதாது, எந்த ஊரை மூலமாகக் கொண்ட குடும்பம் என்பதும் சேர வேண்டும். இதைப் 'போன்குவான்' என்பார்கள். 2015 கணக்கெடுப்பின்படி தென்கொரியர்களில் 21.5 சதவீதம் பேர் கிம். ஐந்தில் ஒருவர். அதில் கிம்ஹே கிம் குடும்பங்கள் காயா நாட்டை நிறுவிய சூரோ அரசரின் வழி, அவர் பொன் முட்டையிலிருந்து வந்தவர். கியோங்ஜு கிம் குடும்பங்கள் சில்லா நாட்டின் அல்ஜி வழி, அவர் மரக்கிளையில் தொங்கிய பொன் பெட்டிக்குள் இருந்தவர். 'கிம்' என்பதற்கான சீன எழுத்து ஒன்றுதான், பொருளும் ஒன்றுதான்: பொன்.

ஆக, முதலில் ஒரு திருத்தம். எல்லா அரசரும் முட்டை இல்லை. மிகப் பழைய நாடான கோஜோசோனை நிறுவிய தங்குன், கரடி பெற்ற பிள்ளை. அந்தக் கரடி குகைக்குள் பூண்டும் மாசிபத்திரி போன்ற ஒரு கசப்பு இலையும் தின்று தவம் கிடந்து பெண்ணானது. தங்குனுக்குக் குடும்பப் பெயர் எதுவும் கிடையாது. பேக்ஜே நாட்டு ஓன்ஜோ கதையில் அற்புதமே இல்லை. முட்டைக் கதைகள் குவிந்து கிடப்பது சில்லா, காயா, கோகுர்யோ மூன்றிலும்தான்.

இந்தக் கதைகளை நமக்குத் தருகிறவை முக்கியமாக இரண்டு நூல்கள். கிம் பூசிக் என்ற அரசு அதிகாரி 1145-ல் முடித்த 'சம்குக் சாகி'. இர்யோன் என்ற பௌத்தத் துறவி 13-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தொகுத்த 'சம்குக் யூசா'. சில்லா பிறந்த கதை நடப்பது கி.மு. 57, எழுதியது கி.பி. 1145. இந்த இடைவெளியை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

சில்லாதான் எனக்கு மிகவும் பிடித்தது, ஏனென்றால் அங்கே ஒரே சிம்மாசனத்துக்கு மூன்று குடும்பங்கள், மூன்று பிறப்புக் கதைகள். மொத்தம் 56 அரசர்கள்: பாக் 10, சொக் 8, கிம் 38. (நாம் 'பார்க்' என்று சொல்வது ஆங்கில எழுத்துக்கூட்டலால் வந்த வினை. நடுவில் 'ர்' கிடையாது, 'பாக்' தான்.)

முதல் கதை பாக். ஆறு ஊர்த் தலைவர்கள் கூடி, நமக்கு ஓர் அரசன் வேண்டும் என்று பேசிக்கொண்டிருக்கிறார்கள். நாஜோங் கிணற்றருகே ஒரு வெள்ளைக் குதிரை மண்டியிட்டு நிற்கிறது. போய்ப் பார்த்தால் குதிரை மறைந்துவிடுகிறது, பெரிய முட்டை மட்டும் கிடக்கிறது. உடைத்தால் ஆண் குழந்தை. அவன்தான் ஹ்யோக்கோசே. அந்த ஊர்ப் பேச்சில் சுரைக்காய்க்குப் 'பாக்' என்று பெயர், முட்டை சுரைக்காய் மாதிரி இருந்தது, அதனால் குடும்பப் பெயர் பாக் என்கிறது நூல். 'ஒளி' என்று பொருள்படும் பழைய சொல்தான் 'பாக்' ஆனது என்று சொல்கிற அறிஞர்களும் உண்டு. அவர் மனைவி ஆர்யோங்கின் கதை இன்னும் வினோதம். சேவலும் நாகமும் கலந்த ஒரு பிராணியின் விலாவிலிருந்து பிறந்தவள், உதடு கோழி அலகு மாதிரி இருந்ததாம். ஓடையில் குளிப்பாட்டியதும் அலகு உதிர்ந்து விழுந்தது.

இரண்டாவது சொக். இதில் தல்ஹே என்பவன் வருகிறான், என் கணக்கில் கொரியப் பழங்கதைகளிலேயே மிகக் கெட்டிக்காரன். கடலுக்கு அப்பால் ஒரு நாட்டில் முட்டையாகப் பிறக்கிறான். அபசகுனம் என்று பெட்டியில் வைத்துக் கடலில் விடுகிறார்கள். பெட்டி சில்லாக் கரையில் ஒதுங்குகிறது, ஒரு கிழவி எடுத்து வளர்க்கிறாள். வளர்ந்தவன் தலைநகருக்கு வந்து நல்ல வீடு ஒன்றைப் பார்க்கிறான். அது ஹோகோங் என்ற பெரிய மனிதரின் வீடு. இரவோடு இரவாக அந்த வீட்டோரம் கரித்துண்டும் சாணைக்கல்லும் புதைத்து வைக்கிறான். காலையில் போய், "இது எங்கள் பாட்டன் வீடு" என்று தகராறு. வழக்கு அதிகாரிகளிடம் போகிறது. ஆதாரம் என்ன என்று கேட்கிறார்கள். "நாங்கள் கொல்லர் பரம்பரை. கொஞ்ச காலம் வெளியூர் போயிருந்தோம். தோண்டிப் பாருங்கள்." தோண்டினால் கரியும் கல்லும் வருகின்றன. வீடு அவனுக்கு. நம் ஊர் பட்டா வழக்குகளைப் பார்த்தவர்கள் யாரும் இந்தக் கதையைச் சட்டென்று நம்பிவிடுவார்கள்.

இவனுக்குச் 'சொக்' என்ற பெயர் எப்படி வந்தது? சம்குக் யூசா இரண்டு காரணம் சொல்கிறது. ஒன்று, பெட்டி கரை ஒதுங்கியபோது 'க்காச்சி' என்ற காக்கை இனத்துப் பறவைகள் அதைச் சுற்றிக் கத்தின. அந்தப் பறவையைக் குறிக்கும் சீன எழுத்தில் 'பறவை' என்ற பாதியை நீக்கினால் மிஞ்சுவது சொக். இரண்டு, சொக் என்றால் 'முன்னொரு காலத்தில்' என்று பொருள். முன்னொரு காலத்தில் இது எங்கள் வீடு என்று சொல்லி அடுத்தவன் வீட்டைப் பிடுங்கியதால் அந்தப் பெயர்!

ஒரு பெயருக்கு இரண்டு காரணம் சொல்கிறார்கள் என்றாலே சந்தேகம் வர வேண்டும். இரண்டுமே எழுத்து வித்தை. முதல் காரணம் சீன எழுத்தைப் பிரித்துப் போடத் தெரிந்தவருக்கு மட்டுமே தோன்றக்கூடியது, மீன்பிடிக் கிழவிக்குத் தோன்றாது. பெயர் ஏற்கெனவே இருந்திருக்கிறது, பிறகு யாரோ உட்கார்ந்து அதற்குக் காரணம் தேடியிருக்கிறார்கள்.

தல்ஹே உடனே அரசனாகவில்லை. இரண்டாம் அரசர் நாம்ஹே இவனுக்குப் பெண் கொடுக்கிறார். அவர் இறந்ததும் மகன் யூரி, மருமகன் தல்ஹே, இருவரில் யாருக்குப் பட்டம்? "அறிவாளிக்குப் பல் அதிகம் இருக்கும்" என்கிறான் தல்ஹே. இரண்டு பேரும் 'த்தோக்' என்ற அரிசிப் பலகாரத்தைக் கடித்துப் பல் தடத்தை எண்ணுகிறார்கள். யூரிக்குப் பல் அதிகம், அவர் அரசரானார். அதிலிருந்துதான் சில்லா அரசர்களுக்கு 'இசாகும்' என்ற பட்டம், பல் தடம் என்று பொருள். தல்ஹேவின் முறை கி.பி. 57-ல் வருகிறது, அப்போது அவருக்கு 62 வயது.

மூன்றாவது கிம், அதாவது நம் தேரியின் பெட்டி. கி.பி. 65, தல்ஹே ஆட்சியில் ஓர் இரவு, காட்டுக்குள் சேவல் கூவும் சத்தம் கேட்கிறது. விடிந்ததும் ஆள் அனுப்பிப் பார்த்தால் மரக்கிளையில் பொன் பெட்டி தொங்குகிறது, கீழே வெள்ளைச் சேவல் நிற்கிறது. பெட்டிக்குள் குழந்தை அல்ஜி. பொன் பெட்டி என்பதால் கிம். அந்தக் காடு கியேரிம், சேவல் காடு. கியோங்ஜுவில் இன்றும் இருக்கிறது, நடுப்பகலில் போனாலும் குளுகுளுவென்று இருக்கும். கவனியுங்கள், அல்ஜி அரசனாகவில்லை. அவன் வழியில் முதல் அரசர் மிச்சு 262-ல்தான் வருகிறார். 356-ல் நேமுல் பட்டத்துக்கு வந்தபின் 912 வரை கிம் தவிர வேறு யாருக்கும் சிம்மாசனம் இல்லை.

மூன்று கதைகளையும் சேர்த்து வைத்துப் பாருங்கள். பாக் வீட்டில் பெண் எடுத்து சொக் அரசனாகிறான். சொக் ஆட்சியில் கிம் கண்டெடுக்கப்படுகிறான். கிம் மிச்சுவும் சொக் வீட்டு மாப்பிள்ளைதான். எனக்கு இது தெய்வக் கதையாகவே தெரியவில்லை. பங்காளிகளும் சம்பந்திகளும் உட்கார்ந்து எழுதிய உடன்படிக்கை மாதிரி இருக்கிறது. யாரும் யாரையும் கொல்லவில்லை, ஒவ்வொருவரும் முந்தியவரின் வீட்டு வாசல் வழியாகவே உள்ளே வந்தார்கள் என்று கதை சொல்கிறது. உண்மையில் எவ்வளவு ரத்தம் சிந்தியதோ.

சரி, இந்தக் குடும்பப் பெயர்கள் உண்மையிலேயே அவ்வளவு பழையவையா? 'இல்லை' என்று சொல்கிறது ஒரு கல்வெட்டு.

1988-ல் உல்ஜின் பக்கம் ஒரு வயலில் ஒரு கல்வெட்டு கிடைத்தது. காலம் 524. சில்லா அரசர் பொப்ஹுங்கும் பிரபுக்களும் சேர்ந்து எடுத்த முடிவு அதில் இருக்கிறது. அரசரின் பெயர் 'மோஜுக்ஜி' என்று வருகிறது. பெயருக்கு முன்னால் இருப்பது கிம் இல்லை, அவர் எந்தப் பிரிவைச் சேர்ந்தவர் என்ற குறிப்பு. தலைநகர் ஆறு பிரிவாக இருந்தது. அரசரே ஆனாலும் 'இன்ன பிரிவு, இன்னார்' என்றுதான் எழுதியிருக்கிறார்கள். கூட இருக்கும் யாருக்கும் குடும்பப் பெயர் இல்லை.

இதே அரசரின் தூதர்கள் 521-ல் பேக்ஜே தூதர்களோடு சேர்ந்து சீனத்தின் லியாங் அரசவைக்குப் போனார்கள். சீன வரலாற்று நூலில் என்ன பதிவாகியிருக்கிறது தெரியுமா? "அரசரின் குடும்பப் பெயர் மோ". அவ்வளவுதான் நடந்திருக்கும்: சீன எழுத்தருக்குக் குடும்பப் பெயர் இல்லாத அரசன் என்று ஒருவன் இருக்க முடியாது, அதனால் பெயரின் முதல் அசையை வெட்டி அந்தக் கட்டத்தில் போட்டுவிட்டார்.

இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. நான் இனிஷியல் ஆசாமி. கொரியா போனதும் எல்லாப் படிவத்திலும் குடும்பப் பெயர்க் கட்டத்தில் அப்பா பெயர்தான் ஏறியது. நான்கு வருடமும் பேங்கிலும் ஆஸ்பத்திரியிலும் என் அப்பா பெயரோடு, நம் 'அவர்கள்' மாதிரி, 'ஸ்ஸி' சேர்த்து என்னைக் கூப்பிட்டார்கள். முதல் மாதம் நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, வரிசையில் என் முறை இரண்டு தடவை போயிற்று. 1,500 வருடத்துக்கு முன்னால் ஓர் அரசருக்கு நடந்ததும் இதுதான்.

பொப்ஹுங்குக்கு அடுத்த அரசர் ஜின்ஹுங். 565-ல் சீனத்தின் வட சி அரசவை அவருக்குப் பட்டம் கொடுத்தபோது 'கிம் ஜின்ஹுங்' என்றே குறித்தது. 521-ல் மோ, 565-ல் கிம். இடைப்பட்ட நாற்பத்து நாலு வருடத்தில் சில்லா அரச குடும்பம் சீனர்களுக்குக் காட்ட ஒரு பெயரைத் தேர்ந்தெடுத்துவிட்டது. அதற்குப் பிறகு வம்சக் கதையும் மாறிக்கொண்டே போனது. 681-ல் இறந்த முன்மு அரசரின் கல்வெட்டில் சேவலும் இல்லை, பெட்டியும் இல்லை. சீனத்தின் ஹான் பேரரசிடம் பிடிபட்டுப் பிறகு பிரபுவாக உயர்ந்த, ஷியோங்னு என்ற வடக்கு நாடோடி இனத்து இளவரசன் ஒருவனின் வழி என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறது. அந்த இளவரசனுக்கு ஹான் பேரரசர் கொடுத்த குடும்பப் பெயரும் பொன் என்ற அதே எழுத்து. நாங்கள் சீனத் தொன்மத்தின் 'பொன் வானத்து' அரசர் வழி என்று சில்லாக்காரர்கள் சொல்லிக்கொண்டதையும் கிம் பூசிக் குறித்திருக்கிறார். ஒரு கிம்முக்கு மூன்று பூர்வீகம்!

வடக்கே கோகுர்யோ. நதித் தெய்வத்தின் மகள் யூஹ்வா மேல் சூரிய ஒளி விழுகிறது, அவள் விலக விலக ஒளி தொடர்கிறது. முட்டை பிறக்கிறது. பன்றியிடம் போட்டாலும் தின்பதில்லை, வழியில் எறிந்தால் மாடும் குதிரையும் ஒதுங்கிப் போகின்றன. உள்ளிருந்து வந்தவன் ஜுமோங், வில்லாளி. துரத்தப்பட்டு ஆற்றங்கரையில் நிற்கும்போது மீனும் ஆமையும் பாலம் கட்டுகின்றன. கி.மு. 37-ல் நாடு அமைகிறது. இதற்குக் கல்லிலேயே சான்று உண்டு: 414-ல் நட்ட குவாங்கேத்தோ அரசரின் ஆறு மீட்டர் உயரக் கல்வெட்டு, இன்று சீன எல்லைக்குள் இருக்கிறது, முட்டைக் கதையில்தான் தொடங்குகிறது. ஆனால் இந்தக் கதை கோகுர்யோவின் சொந்தச் சரக்கு இல்லை. கிட்டத்தட்ட இதையே, அதற்கும் வடக்கே இருந்த பூயோ நாட்டை நிறுவியவன் கதையாக, வாங் சோங் என்ற சீனர் கி.பி. முதல் நூற்றாண்டிலேயே எழுதிவிட்டார். பெயரிலும் குழப்பம். கோகுர்யோ என்பதன் முதல் எழுத்தே குடும்பப் பெயராகி ஜுமோங் 'கோ' ஆனார். ஆனால் அவர் மகன் யூரியும் அடுத்து வந்தவர்களும் 'ஹே' என்கிறது சம்குக் யூசா. அப்பா கோ, பிள்ளை ஹே. ஒரே வீட்டில் இது எப்படி என்று கேட்டால், அது ஒரே வீடுதானா என்பதுதான் கேள்வி. நடுவில் அரச வம்சம் மாறியதை ஒட்டுப்போட்டுத் தைத்திருக்கிறார்கள் என்று கருதுகிற ஆய்வாளர்கள் இருக்கிறார்கள். எனக்கும் அதுதான் சரியாகப் படுகிறது.

பேக்ஜே பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கி.மு. 18-ல் ஓன்ஜோ அண்ணனோடு தெற்கே வந்து நாடு அமைத்தார். அண்ணன் பிர்யூ கடலோரம் போய் உப்புத் தண்ணீரில் கஷ்டப்பட்டு மனம் நொந்து இறந்தார். அரச குடும்பப் பெயர் 'பூயோ', ஒரு நாட்டின் பெயரே. 472-ல் சீனத்தின் வட வெய் அரசருக்கு எழுதிய கடிதத்தில் பேக்ஜே அரசர், நாங்களும் கோகுர்யோவும் பூயோவிலிருந்து வந்தவர்கள் என்கிறார். பங்காளிச் சண்டை! யார் உண்மையான பூயோ வாரிசு என்ற வழக்கில் குடும்பப் பெயரையே பத்திரமாக வைத்திருந்தார்கள். 660-ல் நாடு விழுந்தது.

இனி காயா, உங்கள் இரண்டாவது கேள்வி. கி.பி. 42, கிம்ஹே நகரத்துக் குஜி மேடு. மக்கள் மண்ணைக் கிளறிக்கொண்டு, "ஆமையே, ஆமையே, தலையை நீட்டு, நீட்டாவிட்டால் சுட்டுத் தின்போம்" என்று பாடி ஆட, வானத்திலிருந்து கயிற்றில் ஒரு பொன் பாத்திரம் இறங்குகிறது. உள்ளே ஆறு பொன் முட்டைகள். முதலில் வெளிவந்தவர் சூரோ. 48-ல் சிவப்புப் பாய்மரக் கப்பலில் ஒரு பெண் வருகிறாள்: "நான் அயுத்தா நாட்டு இளவரசி, குடும்பப் பெயர் ஹோ, பெயர் ஹ்வாங்ஓக், வயது பதினாறு." பத்துப் பிள்ளைகள், இருவருக்குத் தாயின் பெயர் ஹோ கிடைத்தது என்பது மரபு. அரசர் 158 வயது வரை இருந்தாராம், அரசி 157.

அந்த அயுத்தா அயோத்தியா, கன்னியாகுமரியா? அயோத்திக்காக வாதாடியவர்களில் முக்கியமானவர் கொரிய அறிஞர் கிம் பியோங்மோ. அயோத்தியில் 2001-லேயே நினைவுச் சின்னம் வைத்துவிட்டார்கள். நம் ஆட்கள் கன்னியாகுமரிப் பக்கத்து ஆய் நாடு என்கிறார்கள், 'செம்பவளம்' என்று பெயரும் வைத்துவிட்டார்கள். சம்குக் யூசாவில் எந்த வரியிலும் செம்பவளம் கிடையாது. சூரோ சமாதி வாசலில் வரைந்த இரட்டை மீனைப் பார்த்துப் பாண்டியன் கயல் என்று எனக்கும் ஒரு நிமிடம் புல்லரித்தது. அதே இரட்டை மீன் உத்தரப்பிரதேச அரசு முத்திரையிலும் இருக்கிறது, அவர்களுக்கும் புல்லரிக்கத்தான் செய்யும். அந்த வாசல் கட்டடமோ மிகப் பிந்தைய ஜோசோன் வம்ச (1392–1910) காலத்தது. அரசி கப்பலில் கொண்டுவந்ததாகச் சொல்லும் பாசாக் கற்கள் அவள் சமாதி அருகே ஒரு சின்ன மண்டபத்துக்குள் இருக்கின்றன. செம்பழுப்பு நிறம், தேய்ந்துபோய், ஒன்றின்மேல் ஒன்று கோணலாக அடுக்கியிருக்கும். அரை மணி நேரம் பார்த்தேன். கல் எதையும் சொல்லவில்லை.

என் சந்தேகம் அவள் ஊர் பற்றியது அல்ல, அவள் வாய்ப்பேச்சு பற்றியது. கி.பி. 48-ல் இந்தியாவின் எந்த மூலையிலிருந்து வந்த பதினாறு வயதுப் பெண்ணும் "என் குடும்பப் பெயர் ஹோ" என்று சொல்லியிருக்க மாட்டாள். சில்லா அரசருக்கே ஐந்நூறு வருடம் கழித்துத்தான் குடும்பப் பெயர் வருகிறது. இந்தக் கதையின் மூலமான காயா வரலாறு எழுதப்பட்டது 11-ஆம் நூற்றாண்டில், கிம், ஹோ குடும்பங்கள் ஊன்றி நின்றபின். கடலோடி ஒருத்தி வந்திருக்கலாம். ஆனால் அவள் வாயில் அந்த வாக்கியத்தைப் போட்டவர்கள் அவள் பேரப்பிள்ளைகள். 'அம்மா', 'அப்பா' ஒற்றுமையைக் கொண்டுவந்து என்னோடு சண்டைக்கு வராதீர்கள், குழந்தைகள் உலகம் பூராவும் கிட்டத்தட்ட அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

இன்னொன்று, காயாவிலேயே வேறொரு கூட்டாட்சிப் பிரிவான தேகாயாவில் கதை வேறு. மலைத் தெய்வமான ஒரு தாய்க்கும் வானத் தெய்வத்துக்கும் இரண்டு பிள்ளைகள். மூத்தவர் தேகாயாவின் அரசர், இளையவர்தான் கிம்ஹே சூரோ. முட்டையே இல்லை. தேகாயா வலுவாக இருந்தபோது கிம்ஹேக்காரர் தம்பியாகிவிட்டார்.

கடைசியாக, இன்றைய கோடிக்கணக்கான கிம்கள் எல்லோரும் அரச வாரிசா என்றால் இல்லை. சாமானியர்களில் பலருக்கு ஜோசோன் காலத்தின் கடைசி வரை குடும்பப் பெயரே கிடையாது. வசதி வந்தவர்கள் வம்சாவளிப் புத்தகத்தில் இடம் வாங்கினார்கள். 1909 பதிவுச் சட்டத்தில் எல்லோருக்கும் ஒரு பெயர் கட்டாயமானபோது பலர் பெரிய குடும்பங்களின் பெயரையே எடுத்துக்கொண்டார்கள். இதை ஒரு நாள் தயங்கித் தயங்கி எங்கள் குவாஜாங்கிடம் கேட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை.

"எங்கள் கொள்ளுத்தாத்தா பெயர் வாங்கினாரோ, பரம்பரையாக வந்ததோ, எனக்குத் தெரியாது" என்றார். "ஆனால் கல்லூரியில் ஒரு ஹோ வீட்டுப் பெண்ணைக் காதலித்தேன். கிம்ஹே கிம்மும் ஹோவும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள், கூடாது என்று அம்மா சாப்பிடாமல் படுத்துக்கொண்டாள்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? என் மனைவி பாக்."

அந்தப் பக்கம் தேரி மெதுவாகச் சொன்னான்: "அவரும் முட்டைதான்."